கையறுநிலை மரபும் ஏ.கே.இராமானுஜனின் தந்தை குறித்த கவிதையும்

முன்னுரை

பெற்றோர் மூப்பெய்தி உடல்நலம் குன்றுவதும், எதிர்பாராப் பொழுதில் திடுமென இறந்துபடுவதும் மக்களுக்கு இருவேறு துயரங்களாக அமைகின்றன. முன்னதில் பார்ப்பதற்கும் பணிவிடை செய்வதற்கும் காலம் உண்டு. பின்னதில் அக்காலம் மறுக்கப்படுகிறது. இவ்விரு துயரங்களையும் ஒரே தொகுப்பினுள் வைத்துப் பாடியவர் ஏ.கே.இராமானுஜன் (1929-1993). மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதி, சங்கப் பாடல்களை ஆங்கில உலகிற்கு அறிமுகம் செய்தவர் அவர். 1971இல் வெளிவந்த 'ரிலேஷன்ஸ்' (உறவுகள்) என்னும் அவரது ஆங்கிலக் கவிதைத் தொகுப்பில், தாயின் தளர்ந்த உடலைக் காணும் 'ஆஃப் மதர்ஸ், அமங் அதர் திங்ஸ்' என்னும் கவிதையும், தந்தையின் சாவைக் கூறும் 'ஒபிச்சுவரி' (சாவுச் செய்தி) என்னும் கவிதையும் இடம்பெற்றுள்ளன. பின்னது தந்தையையும் சடங்கையும் எள்ளும் அங்கதக் கவிதை எனப் பலரால் வாசிக்கப்பட்டு வருகிறது. அவ்வாசிப்பு போதியதன்று, அதனைக் கையறுநிலை என்னும் தமிழ்த் துறையின் வழியே அணுகுவதே பொருந்தும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தந்தையும் காலமும்

இராமானுஜனின் தந்தை ஏ.ஏ.கிருஷ்ணசுவாமி அய்யங்கார் 1892இல் பிறந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 18ஆம் வயதில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1918 முதல் 1947 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். பாஸ்கரரின் சக்ரவாள முறை குறித்து ஆராய்ந்து எழுதினார். 1953 ஜூன் மாதத்தில் மறைந்தார். அப்போது மகனுக்கு வயது 24.

அவ்வீட்டின் மொழிப் பிரிவினையை இராமானுஜனே பதிவுசெய்துள்ளார். கீழ்த்தளத்தில் தாயோடு தமிழ், மாடியில் தந்தையோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்பது அது. தந்தைக்கான இரங்கல் தந்தையின் மாடி மொழியிலேயே எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

சாவு நிகழ்ந்த 1953க்கும் நூல் வெளிவந்த 1971க்கும் இடையே 18 ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளியில்தான் கவிஞர் சங்க இலக்கியத்தைக் கண்டடைந்தார். 1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அவர் கைக்குக் கிட்டியது. அவரது குறுந்தொகை மொழிபெயர்ப்பு 1967இல் நூலாயிற்று. 'ரிலேஷன்ஸ்' தொகுப்பின் முகப்பில் ஓரேருழவரின் புறநானூற்றுப் பாடலை (193) அவர் மொழிபெயர்த்து வைத்துள்ளார். தப்பியோட விரும்புபவனின் காலைச் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை தளைப்பதைக் கூறும் பாடல் அது. எனவே இத்தொகுப்பைப் புறத்திணை மரபோடு வைத்துப் பார்ப்பதற்குக் கவிஞரே வாயில் திறந்துள்ளார் எனலாம்.

தளர்ச்சியைப் பார்த்தல்

தாய் குறித்த கவிதை முழுவதும் பார்வையால் ஆனது. இளமையின் பட்டும் மலரும் நினைவாக வர, முதுமையில் ஈரம் காயாத கைகள், ஊனமுற்ற விரல், மெலிந்த உடம்பில் தொங்கும் புடவை ஆகியன ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. இறுதியில் எஞ்சிய நல்ல விரல்கள் சமையலறைத் தரையில் கிடக்கும் ஓர் அரிசிமணியை எடுக்க மெல்ல வளைகின்றன. காணும் மகனின் நா மரப்பட்டையைத் தீண்டியதுபோல் ஆகிறது. அவனால் எதுவும் செய்ய இயலவில்லை. ஆனால் பார்க்க இயல்கிறது. படிப்படியான தளர்ச்சி மகனுக்கு அளிக்கும் ஒரே சலுகை இதுவே.

எஞ்சியவற்றை எண்ணுதல்

தந்தை குறித்த கவிதையில் இச்சலுகை இல்லை. தந்தையின் முகமோ குரலோ நோய்ப்படுக்கையோ அதில் இல்லை. மாறாக, அவர் விட்டுச்சென்றவை கணக்கெடுக்கப்படுகின்றன. தாள்கள் குவிந்த மேசையில் படிந்த தூசி, கடன்கள், மகள்கள், அவர் பெயரைத் தற்செயலாகப் பெற்ற பேரன், தென்னையில் சாய்ந்து நிற்கும் வீடு எனப் பட்டியல் நீள்கிறது. கணித ஆய்வோ பேராசிரியப் பதவியோ அதில் இடம்பெறவில்லை. இறந்தோனின் புகழை அடுக்கும் வழக்கத்திற்கு இது நேர்மாறானது.

கவிதையின்படி அவர் பிறந்தது பார்ப்பனக் குடியிருப்பில். மாரடைப்பால் இறந்தது பழச்சந்தையில். கவிதை ஊர்ப்பெயர் எதனையும் சொல்லவில்லை. எனினும் மைசூரை அறிந்த வாசகர் உள்ளத்தில் தேவராஜ மார்க்கெட்டும், வாணிகத்தையே பெயரில் தாங்கிய மண்டி மொஹல்லாவும் தோன்றுதல் இயல்பு. மண்டி என்பது தமிழ் வணிகரும் மொத்தக் கொள்முதல் இடத்திற்கு வழங்கும் சொல். இவ்விடங்களுள் ஒன்றைக் கவிதையின் சந்தையாக உறுதிசெய்ய முயல்வது வீண். அதன் பொருள் வேறு. அக்கிரகாரத்தில் சாவு வருமாயின் அதற்கென மந்திரமும் முறைமையும் காத்திருக்கும். எடைக்கற்களும் விலைபேசுதலும் நிறைந்த சந்தையில் வரும் சாவுக்கு எவரும் ஆயத்தமாக இல்லை. திடீர் மரணத்தின் இயல்பை அவ்வொரு சொல் காட்டிவிடுகிறது.

ஈமச் சடங்கும் இவ்வாறே கூறப்படுகிறது. உடல் நன்கு எரிந்ததும், வேகாத எலும்பை மகன்கள் பொறுக்கி ஆற்றுக்கூடலில் இட்டதும் உணர்ச்சி சேர்க்காமல் சொல்லப்படுகின்றன. மைசூர்ப் பகுதி மக்கள் அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பச்சிமவாகினிக்குச் செல்வது வழக்கம். கவிதையோ மூன்று ஆறுகள் கூடுமிடத்தை இரயில் நிலையத்தின் அருகில் வைக்கிறது. புனிதத்தின் பக்கத்தில் அன்றாடத்தை நிறுத்துவதே கவிஞரின் முறை.

அங்கதமா, கையறவா?

அங்கதம் என்போர் இவ்வறண்ட தொனியையே சான்றாகக் காட்டுவர். ஆனால் கவிதையின் பிற்பகுதி இதற்கு இடம் தரவில்லை. தந்தை இறந்த செய்தி ஒரு சென்னைச் செய்தித்தாளின் உட்பக்கத்தில் இரண்டு வரியாக வந்ததாக மகன் கேள்விப்படுகிறான். அத்தாள் சில வாரங்களில் எடைக்கு விற்கப்பட்டு மளிகைக் கடைக்குச் சேரும். உப்பும் கொத்தமல்லியும் வெல்லமும் மடித்துவந்த பொட்டலத் தாள்களை முன்பு விளையாட்டாகப் படித்தவன், இப்போது அவ்விரு வரிகளைத் தேடிப் படிக்கிறான். எள்ளுபவன் தேடுவதில்லை. தேடுபவன் தந்தையை இன்னும் இழந்து முடிக்காதவன். சாவுக்கு முன் பார்க்கக் கிடைக்காத காலத்தை அவன் சாவுக்குப் பின் கடைத்தாள்களில் தேடுகிறான்.

தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித்திணையின் துறையாக வைத்து, இறந்தோர் பொருட்டு எஞ்சியோர் புலம்புவதாக வரையறுக்கிறது. அத்துறையின் மையம் எஞ்சியோரின் செயலற்ற நிலையே. பாரிமகளிர் பாடிய புறநானூற்றுப் பாடல் (112) இதற்குச் சிறந்த சான்று. முந்தைய திங்களின் நிலவையும் இன்றைய நிலவையும் அருகருகே வைப்பதன்றி அங்கு ஒப்பாரி எதுவும் இல்லை. எஞ்சியவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அச்சிக்கனமே இராமானுஜனிடத்தும் செயற்படுகிறது. எனவே அவரது வறண்ட தொனியை இரக்கமின்மை எனக் கொள்ளாமல் கையறவின் மொழி எனக் கொள்வதே தகும்.

கவிதையின் குறை

எனினும் மரபோடு ஒப்பிடுங்கால் ஒரு குறையும் புலப்படுகிறது. பாரியின் சாவைப் பாடுவோர் அவனுடைய மகளிரே. அத்துயரம் அவர்கள் குரலிலேயே ஒலிக்கிறது. இராமானுஜனின் கவிதையில் மகள்கள் கடன்களோடு சேர்த்து எண்ணப்படும் சுமைகளாகின்றனர். அவர்களுக்குக் குரல் இல்லை. தாய் மாறிப்போனாள் என்பது ஒரு சொல்லில் முடிகிறது. ஒக்கூர் மாசாத்தனாரின் தாபதநிலைப் பாடலோ (புறநானூறு 248), இளமையில் தழையாக உதவிய ஆம்பல் கைம்மையில் உணவாக மாறுவதைக் காட்டி, ஒரு பெண்ணின் வாழ்வு முழுதும் மாறியதை உணர்த்துகிறது. திடீர்ச் சாவின் சுமை மகன்களைவிடப் பெண்கள் மீதே மிகுதியாக இறங்குகிறது என்பதை இராமானுஜனின் கவிதை அறிந்திருந்தும் அங்கே நிற்கவில்லை. அரிசிமணி பொறுக்கும் தாயைப் பற்றிய கவிதை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆகவே இரண்டையும் இணைத்தே படிக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தளர்ச்சியைக் காணும் கவிதை பார்வையாகவும் திடீர் மரணத்தைக் கூறும் கவிதை கணக்காகவும் அமைந்திருப்பது பெறப்படுகிறது. இவ்வடிவ வேறுபாடு அவ்விரு துயரங்களின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. தந்தை விட்டுச்சென்றவற்றுள் இறுதியாகக் கவிதை எண்ணுவது ஆண்டுதோறும் செய்யவேண்டிய சடங்குகளை. அவை ஒன்றுக்கு மேற்பட்டவை என்கிறது கவிதை. திதி நாளில் ஒன்று நிகழும். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் படிக்கும் செயலை மற்றொன்றாகக் கொள்ளலாம். அதற்குத் திதி இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இக்கவிதையைத் தமிழ்க் கையறுநிலை மரபின் வரலாற்றில் சேர்த்து ஆராய்வது, அக்கவிதையை விளங்கிக்கொள்ளவும் அம்மரபு இன்றும் இயங்குவதை உணரவும் துணைசெய்யும்.