பிரன்ட்பேஜ் சேவையக நீட்சிகள்: ஒரு மதிப்பீடு

பிரன்ட்பேஜ் சேவையக நீட்சிகள் என்பவை வலைப்பக்கங்களைச் சேவையகத்தில் ஏற்றவும் இயக்கவும் உதவிய துணை மென்பொருள் ஆகும். 1996-இல் வெர்மீர் நிறுவனத்தை வாங்கியபோது பிரன்ட்பேஜ் மைக்ரோசாப்ட் வசமானது. நிரலாக்கம் அறியாதவரும் தளம் அமைக்க முடிந்தது இதன் உண்மையான பெருமை. குறையும் அங்கேயே பிறந்தது. படிவம், வருகை எண்ணி, தேடல் ஆகியவை பக்கத்தில் தெரிந்தாலும் இயங்கியது சேவையகத்தில்தான். இராசபாளையத்து நூற்பாலையோ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையோ இப்படித் தளம் அமைத்திருந்தால், நீட்சி இல்லாத சேவையகத்துக்கு மாறிய அன்றே விலை விசாரணைப் படிவம் வேலை செய்யாது. பக்கம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த ஐஐஎஸ் 7-இல் நீட்சிகள் இல்லை. ரெடி-டு-ரன் நிறுவனத்தின் பதிப்பைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு ஐஐஎஸ் 6 மெட்டாபேஸ் இணக்கக் கூறு முன்னதாகத் தேவைப்பட்டது. மாற்றாகச் சொல்லப்பட்ட வெப்டேவ் கோப்பை ஏற்றுமே தவிரப் படிவத்தை இயக்காது. படிவங்களை ஏஎஸ்பி.நெட் போன்ற ஒன்றில் புதிதாக எழுதியாக வேண்டும்; நீட்சியை நிறுவுவது அதுவரைக்கான ஏற்பாடாக மட்டுமே இருந்தது.