கவர்டு கால் உத்தியும் அதற்குக் காப்புத் தேடுவதில் உள்ள இடர்களும்

கவர்டு கால் என்பது, ஒருவர் தம்மிடமுள்ள பங்குகளைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது கால் ஆப்ஷனை, மற்றொருவருக்கு விற்கும் முதலீட்டு உத்தியாகும். உரிமையை விற்பதால் கிடைக்கும் தொகை பிரீமியம் எனப்படும். குறிப்பிட்ட அந்த விலை ஸ்ட்ரைக் விலை எனப்படும். மாதந்தோறும் வருமானம் தரும் பாதுகாப்பான வழி என்று இது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஓய்வுக்கால வருமானம் தேடுவோர் இதை வங்கி வட்டியைப் போலக் கருதிவிடுவதும் உண்டு. இக்கருத்து சரியன்று. உரிமை பெற்றவர் கேட்கும்போது ஒப்படைக்கப் பங்கு கையில் இருக்கிறது என்பதையே ‘கவர்டு’ என்ற சொல் குறிக்கிறது. முதலுக்கு அது காப்பு அன்று.

எடுத்துக்காட்டு

ஒருவர் 100 டாலர் விலையில் 100 பங்குகள் வைத்திருக்கிறார். 105 டாலர் ஸ்ட்ரைக் விலையில் கால் ஆப்ஷன் விற்று, பங்குக்கு 2 டாலர் வீதம் 200 டாலர் பெறுகிறார்.

• விலை 120 டாலர் ஆனால்: பங்கை மட்டும் வைத்திருந்தால் ஆதாயம் 2,000 டாலர். இவருக்குக் கிடைப்பது 700 டாலர்.
• விலை 80 டாலர் ஆனால்: பங்கில் நட்டம் 2,000 டாலர். பிரீமியம் போக இவருடைய நட்டம் 1,800 டாலர்.

ஆக, ஆதாயத்துக்கு வரம்பு உண்டு. நட்டத்துக்கு மெல்லிய தடுப்பு மட்டுமே உண்டு.

காப்பு முயற்சிகளும் அவற்றின் குறைகளும்

இக்குறையை உணர்ந்தவர்கள் மேலும் ஒரு காப்பைச் சேர்க்க முயல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

1. புட் ஆப்ஷன் வாங்குதல்: மேற்கண்ட பங்குக்கு 95 டாலர் ஸ்ட்ரைக் விலையுள்ள புட் ஆப்ஷனை 2 டாலருக்கு வாங்கினால் நட்டம் 500 டாலரைத் தாண்டாது. ஆனால் பெற்ற பிரீமியம் முழுவதும் அதற்கே செலவாகிவிடும். வருமானத்துக்காகத் தொடங்கிய உத்தியில் வருமானமே மிஞ்சாது.

2. விலை இறங்கும்போது பங்கை விற்றுவிடுதல்: இதுவே மிகவும் ஆபத்தானது. 98 டாலரில் பங்கை விற்றதும், விற்ற கால் ஆப்ஷன் காப்பற்றதாகிவிடுகிறது. பிறகு விலை 115 டாலருக்கு ஏறினால், பங்கில் 2 டாலரும் ஆப்ஷனில் 10 டாலரும் இழப்பு. பிரீமியம் 2 டாலரைக் கழித்தால் நிகர நட்டம் 1,000 டாலர். பங்கு ஏறியும் நட்டம் நேர்கிறது. மேலும், சந்தை மூடியிருக்கும் வேளையில் கெட்ட செய்தி வந்தால் மறுநாள் வணிகம் 90 டாலரிலேயே தொடங்கக்கூடும். 98 டாலரில் விற்க வாய்ப்பே இராது.

3. அடுத்த மாதத்துக்கு மாற்றுதல்: பழைய ஆப்ஷனை நட்டத்தில் திரும்ப வாங்கி, அடுத்த மாத ஆப்ஷனை விற்பது. புதிய பிரீமியம் கண்ணுக்குத் தெரியும். பழைய நட்டம் கணக்கில் மறைந்து நிற்கும். தரகுக் கட்டணமும் கூடும்.

அமெரிக்காவில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்களை முடிவு நாளுக்கு முன்பே செயல்படுத்தலாம். ஆகவே ஈவுத்தொகைக்கு முந்தைய நாளில் பங்கு கைமாறி, ஈவுத்தொகையும் போய்விடக்கூடும்.

வரலாற்றுச் சான்று

சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2002-இல் பிஎக்ஸ்எம் என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியது. எஸ் அண்ட் பி 500 பங்குகளை வைத்துக்கொண்டு மாதந்தோறும் கால் ஆப்ஷன் விற்பவரின் நிலையை அது காட்டுகிறது. 2008-இல் எஸ் அண்ட் பி 500, ஈவுத்தொகையையும் சேர்த்து, 37% இழந்தது. பிஎக்ஸ்எம் ஏறத்தாழ 29% இழந்தது. பிரீமியம் ஓரளவு உதவியது உண்மையே. ஆனால் 2020-இல் சந்தை மார்ச் வீழ்ச்சியிலிருந்து மீண்டு ஆண்டு முடிவில் 18%-க்கு மேல் உயர்ந்திருக்க, பிஎக்ஸ்எம் ஏறத்தாழ 3% நட்டத்தில் நின்றது. வீழ்ச்சியில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, மீட்சியில் பெரும்பகுதியை விற்றுவிட்டதன் விளைவு இது.

மதிப்பீடு

சந்தை அதிகம் அசையாத காலத்திலும், ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கை விற்க உண்மையாகவே விரும்புவோருக்கும் இவ்வுத்தி பயன்படும். பங்கை இழக்க விரும்பாதவருக்கும், முதலை இழக்க இயலாதவருக்கும் இது பொருந்தாது. அத்தகையோர் காப்பு மேல் காப்பாகச் சேர்ப்பதைவிட, வைத்திருக்கும் பங்குகளின் அளவைக் குறைத்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு.