போட்டித் தாளும் சஞ்சிகைப் பக்கமும்: வன்னி மாணவர் கவிதை குறித்து

இளங்கவிஞர்களைப் போட்டிகளே உருவாக்குகின்றன என்பது பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் நூல் வெளியீடுகளிலும் இன்று தயக்கமின்றிச் சொல்லப்படும் கூற்று. அக்கராயனை அடுத்த ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமங்களின் மாணவருக்குக் கொழும்பு வரை செல்லும் வழி வேறில்லை என்ற நியாயமும் அதனோடு சேர்ந்து வருகிறது. கேட்க இனிய இக்கூற்றுக்கு ஈழத்துக் கவிதையின் வரலாறு துணைநிற்கவில்லை.

கொடுத்ததைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. ஈற்றடி, அதாவது பாடலின் இறுதியடியை முன்னரே தந்து ஏனைய அடிகளை நிரப்பச் சொல்லும் முறை, புலவரின் யாப்பறிவையும் சமயோசிதத்தையும் அளந்ததேயன்றிக் கவிஞரை ஆக்கியதில்லை. நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ இளையோருக்கு இடம் ஒதுக்கி, எழுதிப் பழகுவோரை அச்சேற்றியது. 1940களின் ‘மறுமலர்ச்சி’ இதழைச் சார்ந்த எழுத்தாளர் பலர் அங்கே கைபழகியவர்கள். பின்னர் மஹாகவி, நீலாவணன், முருகையன் ஆகியோர் காலத்தில் கவியரங்கு செழித்தது. எனினும் மஹாகவி யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தது கைதட்டலின் விளைவன்று.

1980களே இங்கு நின்று பார்க்கத்தக்க காலம். பெண்களின் கவிதைகளைத் தொகுத்து 1986இல் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ நூலில் இடம்பெற்ற சிவரமணி 1968இல் பிறந்தவர்; பள்ளிப் பருவத்தைக் கடந்தும் கடவாமலும் இருந்த வயதில் அவர் எழுதியவற்றில் தலைப்பை விளக்கும் பணிவோ இறுதியடியில் நம்பிக்கையூட்டும் கட்டாயமோ இல்லை. வவுனியா சேமமடுவைச் சேர்ந்த செல்வி ‘தோழி’ என்னும் சஞ்சிகையையே நடத்தினார். இவ்விருவரையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலின் பிள்ளைகளாக மட்டும் காணும் விமர்சனம், பக்கங்களை அமைத்துக்கொண்டவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுகிறது. 1996இல் கிளிநொச்சி நகரை இராணுவம் கைப்பற்றியபோது மக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி எனப் பெயர்ந்தனர்; கிடுகுக் கொட்டில்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடந்த, கொப்பித் தாளுக்கே தட்டுப்பாடான அந்நாட்களிலும் கருணாகரனை ஆசிரியராகக் கொண்ட ‘வெளிச்சம்’ வன்னியில் வெளிவந்தது. அது விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகத்தின் சஞ்சிகையாதலால், வீரமும் தியாகமும் அங்கே அறிவிக்கப்படாத தலைப்புகளாக நின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சஞ்சிகை அடுத்த இதழையும் கொண்டுவந்தாக வேண்டும். ஆதலால் எழுதியவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் 1983இல் பிறந்த தீபச்செல்வன் இடப்பெயர்வுகளின் நடுவே பள்ளிப் பருவத்தைக் கடந்து, 2008இல் ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’ தொகுப்போடு வந்தபோது, அக்கவிதைகளின் நிலம் எந்த நடுவரும் தலைப்பாக இட்டதன்று.

இதற்கு மாறானது அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியின் கவிதையாக்கம். பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக ஏறும் இப்போட்டியில் தலைப்பு மண்டபத்தில் தரப்படுகிறது. குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். தாய்மொழி, இயற்கை, சமாதானம் போன்ற தலைப்புகளுக்கு எதுகையும் மோனையும் முன்கூட்டியே மனனம் செய்துகொண்டு போகலாம். பயிற்றும் ஆசிரியரும் பெரும்பாலும் அதையே செய்கிறார். நேரக் கட்டுப்பாடு திருத்தலை விலக்குகிறது. திருத்தல் இல்லாத இடத்தில் சூத்திரமே எஞ்சுகிறது. ஆண்டாண்டாக வெளியாகும் பரிசுக் கவிதைகள் ஒரே கையின் எழுத்தாகத் தோன்றுவதற்கு மாணவரின் கற்பனை வறுமையைக் காரணங்காட்டுவது அநியாயம்.

போட்டி என்ற வடிவத்தின்மேல் முழுப்பழியையும் சுமத்துவதும் பொருந்தாது. இங்கிலாந்தின் கவிதைச் சங்கம் 11 முதல் 17 வயது வரையானோருக்கு 1998 முதல் நடத்திவரும் ஃபாயில் இளங்கவிஞர் போட்டியில் தலைப்பும் இல்லை, அடிக்கணக்கும் இல்லை. வீட்டிலிருந்து எழுதி அனுப்பலாம். தெரிவாகும் 100 பேரில் முதல் 15 பேருக்குத் தேர்ந்த கவிஞர்களின் வழிகாட்டலோடு தங்கிப் பயிலும் பட்டறை கிடைக்கிறது. அதாவது பரிசு என்பது முடிவாகாமல் மேலும் எழுதுவதற்கான வாய்ப்பாகிறது. வன்னியில் இதற்கு ஒப்பாகச் செய்யப் பெரும் நிதி வேண்டியதில்லை. முந்திய தலைமுறை மாணவர்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகை, அதாவது ஒரே பிரதியாக எழுதப்பட்டு வகுப்பெங்கும் சுற்றிய இதழ், இன்று ஒளிப்படப் பிரதி எடுக்கும் செலவோடு முடிந்துவிடும்.

எந்த வலயத்திலும் முதலிடத்துக்கு அப்பால் நிற்கும் மாணவர் தொகையே பெரிது. அவர்களுக்கு எஞ்சுவது சான்றிதழ், அல்லது அதுவும் இல்லை. போட்டித் தாள்களைக் கட்டி வைக்காமல், எந்த அடி நின்றது, எந்த அடி நழுவியது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதி மாணவரிடமே திருப்பியனுப்பும் வழக்கத்தை வலயக் கல்வி அலுவலகங்களும் நடுவர்களும் வரும் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.