வடக்கன்குளம் கோயிலின் இரண்டு கால்கள்

பழைய தேவாலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரத்தைச் சொல்வார்கள், மணியைச் சொல்வார்கள். பிளானைச் சொல்ல மாட்டார்கள். நெல்லை மாவட்டம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்குப் போனபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

1872-இல் கட்டியது. கால்சட்டை மாதிரி இரண்டு நீள மண்டபங்கள், இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும்; இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. 1910-இல் சுவரை இடித்தார்கள். பிள்ளை, முதலியார் தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் இது. 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நான் படித்த பயணக் கட்டுரைகளில் இதெல்லாம் இருக்கு, சுவரைத்தான் தேடணும். இரட்டை மண்டபத்தை ‘அபூர்வக் கட்டடக்கலை’ என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காரணத்தை மறைத்த பாராட்டு அது.

சாஃப்ட்வேரில் ஒரு வசதியைத் தூக்கிவிடுவோம். அதற்காகப் போட்ட டிசைன் அப்படியே கிடக்கும். பின்னால் வருகிறவன், “இது ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்பான். அந்தப் பதிலை எழுதி வைக்காதது நம்ம தப்பு.