பிஸ்டனுக்குக் கீழே ஒரு காற்றோட்டம்

பழைய கார்ப் பிரியர்கள் கார்புரேட்டரைப் புகழ்வார்கள், கேம்ஷாஃப்டைப் புகழ்வார்கள். கிராங்க்கேஸிலிருந்து புகை வெளியேறும் வழியை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. எம்.ஜி.பி. காரின் பானெட்டைத் திறந்தால் என் கண் முதலில் போவது அந்த ரப்பர் குழாய்கள் மேல்தான்.

ரிங் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கத்தான் செய்யும். அதில் எரியாத பெட்ரோலும் உண்டு, நீராவியும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் சிறு பங்கு கீழே போனாலே ஆயிலுக்குக் கேடு. எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்திவிடும் காரில் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்புறம் வெண்ணெய்போல வெளிர்மஞ்சளாக ஒன்று அப்பியிருக்கும். ஆயிலும் அந்தத் தண்ணீரும் கலந்தது அது.

வாயுவுக்குப் போக்கிடம் இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலை வெளியே தள்ளும். எம்.ஜி.பி.யில் தொடக்கத்தில் இருந்த மூன்று பேரிங் பி-சீரிஸ் எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்ஷாஃப்டில் வெட்டிய திருகுமரைதான் ஆயிலை உள்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இந்தக் குடும்பமே. இப்படிப்பட்ட எஞ்சினுக்குக் காற்றோட்டம் உயிர்நாடி.

முன்பெல்லாம் ஒரு குழாயைக் காருக்கு அடியில் திறந்துவிட்டார்கள். கார் ஓடினால் எதிர்க்காற்று அதன் வாயில் உறிஞ்சும். சிக்னலில் நின்றால் உறிஞ்ச ஆளில்லை. புகை முழுவதும் தெருவுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் காரின் ஹைட்ரோகார்பன்களுக்கு உள்ள பங்கை ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களில் எடுத்துக்காட்டினார். 1961 மாடல் தொடங்கி, கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் இந்த வாயு மானிஃபோல்டுக்கே திரும்பிப்போய் எரியத் தொடங்கியது.

எம்.ஜி.பி.க்கு 1964-ல் ஸ்மித்ஸ் வால்வு வந்தது. இன்லெட் மானிஃபோல்டில் உட்காரும் வட்டத் தலை. உள்ளே ரப்பர் டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி. ஐடிலிங்கில் உறிஞ்சல் அதிகம், வாயு குறைவு. டயஃப்ரம் இழுபட்டு வழியைச் சுருக்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வாயு கூடி உறிஞ்சல் குறையும். ஸ்பிரிங் வழியைத் திறந்துவிடுகிறது. இதைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்ற வேண்டும். வால்வு சரியாக இருந்தால் வேகம் சுமார் 200 ஆர்.பி.எம். கூடும். மீட்டரே வேண்டாம், காதே சொல்லிவிடும்.

அதையும் மிஞ்சியது 1960களின் கடைசியில் வந்த ஏற்பாடு. எஸ்.யூ. கார்புரேட்டரில் அதற்கே உரிய பிஸ்டனுக்கும் த்ராட்டில் தட்டுக்கும் நடுவே, எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவான மெல்லிய உறிஞ்சல் இருக்கும்; பிஸ்டன் ஏறி இறங்குவதே அதைக் காக்கத்தான். அந்த இடத்தில் ஒரு குழாயைப் பொருத்தினார்கள். அவ்வளவுதான்! வால்வு, டயஃப்ரம், ஸ்பிரிங் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பயன்படுத்தி மூன்று உறுப்புகளை ஒழித்த அந்த வடிவமைப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

பொருத்துவதில் கவனம் வேண்டும். டேப்பட் கவரின் டப்பாவுக்குள் இருக்கும் கம்பிவலை ஆயில் துளிகளைப் பிடித்துக்கொள்ளும். அது அடைத்திருந்தால் மற்றதெல்லாம் வீண். முதலில் அதை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அங்கிருந்து ஒய் வடிவக் குழாய் இரண்டு கார்புரேட்டருக்கும் சமமாகப் பிரிய வேண்டும். புதுக் காற்று உள்ளே வருவது ஃபில்டர் வைத்த ஆயில் மூடி வழியாக. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டர் வைத்த கார்களில் மூடி முழுக்க அடைப்பு. காற்று ராக்கர் கவரின் சிறு குழாய் வழியே வரும். அதன் துளை 5/64 அங்குலம், அதாவது 2 மில்லிமீட்டர்தான். வரவு இப்படி ஒடுங்கியிருப்பதால்தான் கிராங்க்கேஸுக்குள் உறிஞ்சல் நிற்கிறது. அழகுக்காக அங்கே அகன்ற பிரீதர் ஃபில்டரை மாட்டுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அளவில்லாத காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்துவிடும்.

ட்யூனிங்கைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாக் குழாய்களும் மாட்டியிருக்க வேண்டும், மூடி இறுகியிருக்க வேண்டும். பிறகு எஸ்.யூ. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் கலவையைச் சரிசெய்யும் ஜெட் நட்டைத் தொடவே வேண்டாம்.