தேயர்–மார்ட்டின் ஊடகம்: விலக்குதலின் நுட்பம்

வெட்டை நோயை உண்டாக்கும் கொனோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை ஆல்பர்ட் நைசர் 1879-இல் சீழில் கண்டறிந்தார். ஆணின் சிறுநீர்வழிச் சீழைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலே அது பெரும்பாலும் தென்பட்டுவிடும். ஆனால் கருப்பைவாய், மலக்குடல், தொண்டை ஆகிய இடங்களில் இயல்பாகவே எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருப்பதால், அங்கிருந்து எடுத்த மாதிரியைச் சாதாரணத் தட்டில் தடவினால் அவை முந்திப் பெருகி, மெதுவாக வளரும் கொனோகாக்கஸை மூழ்கடித்துவிடும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தேயர், மார்ட்டின் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் வெளியிட்டு, 1966-இல் திருத்தியமைத்த வளர்ப்பூடகம், அதாவது நுண்ணுயிர்கள் உண்டு பெருக ஆய்வகத்தில் சமைக்கப்படும் உணவு, நுண்ணுயிரியலின் அழகிய படைப்புகளுள் ஒன்றாகப் போற்றத்தக்கது.

அதன் அடித்தளம் சாக்லேட் அகார். சாக்லேட் சிறிதும் சேராத இந்த ஊடகத்தில், இரத்தத்தைச் சூடாக்கிச் சிவப்பணுக்களை உடைப்பதால் உள்ளிருக்கும் சத்துகள் வெளிப்பட்டு, நிறமும் பழுப்பாகிறது. கொனோகாக்கஸ் கொழுப்பு அமிலங்களின் நஞ்சைத் தாங்காது என்பதால், அவற்றை உறிஞ்சிக்கொள்ள ஸ்டார்ச்சும் சேர்க்கப்படுகிறது.

ஆயினும் ஊட்டத்தில் அன்று, விலக்குவதில்தான் இதன் உண்மையான நேர்த்தி இருக்கிறது. ஒரு லிட்டர் ஊடகத்தில் வெறும் 3 மில்லிகிராம் வான்கோமைசின் கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களையும், 7.5 மில்லிகிராம் கோலிஸ்டின் பெரும்பாலான கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களையும், நிஸ்டாட்டின் பூஞ்சைகளையும் ஒடுக்குகின்றன. கோலிஸ்டினின் தெரிவு குறிப்பாக வியக்கத்தக்கது. கொனோகாக்கஸின் தீங்கற்ற உறவினங்களுள் பலவற்றை அது தடுத்து, கொனோகாக்கஸையும் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸையும் விட்டுவிடுகிறது. கோலிஸ்டினுக்கு இயல்பிலேயே பணியாத புரோட்டியஸ் தட்டு முழுவதும் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும் இயல்புடையது என்பதால், பின்னர் டிரைமெத்தோபிரிம் என்னும் நான்காவது மருந்தும் சேர்க்கப்பட்டது. இந்த அளவுகள் விளிம்பில் நிற்பவை: வான்கோமைசினுக்கே பணிந்துவிடும் சில கொனோகாக்கஸ் வகைகளும் உண்டு. ஆகவே தேர்ந்த ஆய்வகம் மருந்தில்லாச் சாக்லேட் அகாரையும் உடன்வைத்துத் தடவுகிறது. தன் கருவியின் எல்லையை அறிந்து செயல்படும் இந்த அடக்கமே இக்கலையின் முதிர்ச்சி.

கொனோகாக்கஸுக்குக் குளிர் ஆகாது, வறட்சியும் ஆகாது. எனவே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தட்டு அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே மாதிரி தடவப்படும். கரியமில வாயு மிகுந்த ஈரக்காற்றும் தரப்பட வேண்டும். அதற்கென விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தட்டுகளை ஒரு ஜாடியில் அடுக்கி, மணமற்ற வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றி மூடினால், சுடர் அணையும் வேளையில் உள்ளே ஆக்சிஜன் முற்றிலும் தீராமல், ஏறக்குறைய 3 விழுக்காடு கரியமில வாயு சேர்ந்திருக்கும். கொனோகாக்கஸுக்கு வேண்டியதும் அதுவே.

35 அல்லது 36 பாகை செல்சியஸில் ஓரிரு நாள் வைத்தபின் தோன்றும் சாம்பல் கலந்த வெண்மையான, பளபளக்கும் சிறு திரள்களைப் படிப்பதற்குப் பழகிய கண் வேண்டும். ஆக்சிடேஸ் சோதனை மருந்து பட்டதும் அவை ஊதாவாக மாறும். நுண்ணோக்கியில், தட்டைப் பக்கங்கள் எதிரெதிராக வைத்த இரு அவரை விதைகள்போல இணை இணையாகத் தெரியும். எனினும் மெனிங்கோகாக்கஸும் இவ்வாறே தோன்றுமாதலால், சர்க்கரைச் சோதனையே தீர்ப்பளிக்கிறது: கொனோகாக்கஸ் குளுக்கோஸிலிருந்து மட்டும் அமிலம் உண்டாக்கும், மெனிங்கோகாக்கஸ் மால்டோஸையும் பயன்படுத்தும்.

மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனைகள் இன்று விரைவிலும் நுண்மையிலும் இம்முறையை விஞ்சிவிட்டன. நோயைக் கண்டறிவதற்கு அவையே ஏற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இறந்த பாக்டீரியாவின் எச்சத்தையும் காட்டக்கூடிய அவை, எந்த மருந்து எந்த அளவில் அதன் வளர்ச்சியை நிறுத்தும் என்பதை நேரடியாக அளந்து சொல்வதில்லை. சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என ஒவ்வொன்றையும் எதிர்க்கக் கற்றுக்கொண்ட பாக்டீரியாவின் முன் அந்த அளவீடு இன்றியமையாதது. அதற்கு உயிருள்ள திரள் வேண்டும். அவ்வாறு அளக்கும்போது, தேயர்–மார்ட்டின் தட்டில் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய பாக்டீரியா, அந்த நான்கு காவல் மருந்துகளும் இல்லாத வேறொரு அகாருக்கு மாற்றப்படுகிறது.