பதினேழு விதிகளில் புத்தர் எங்கே இருக்கிறார்?



தொடக்ககால ஜப்பானில் பௌத்தத்தின் தாக்கம் பற்றிக் கேள்வி வந்தால், நம் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் கருத்து ஒன்று: ஷோதோகு இளவரசர் 604-இல் பௌத்த அடிப்படையில் 17 விதிகளை இயற்றினார். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த விதிகளை வரிசையாக வாசித்துப் பார்த்திருக்கீங்களா? வாசித்தால் இந்தக் கருத்தை அப்படியே எழுத மனம் வராது.

முதலில், இது இன்று நாம் புரிந்துகொள்ளும் அரசியல் சாசனம் இல்லை. அதிகாரிகளுக்குச் சொன்ன நடத்தை நெறி. வேலைக்கு நேரத்தோடு வர வேண்டும், வழக்கில் கையூட்டு வாங்கக் கூடாது, உழவு நடக்கும் மாதங்களில் மக்களை அரசு வேலைக்கு இழுக்கக் கூடாது என்றெல்லாம் அது பேசுகிறது. முதல் விதி இணக்கம் பற்றியது. அதன் சொல்லாட்சி கன்பூசிய மரபிலிருந்து வந்தது. புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகள் இரண்டாம் விதியில்தான் வருகின்றன. மூன்றாம் விதியோ உடனே அரச ஆணைக்குப் பணியச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் பௌத்தம் வெறும் பெயருக்குத்தானா? இல்லீங்க. பத்தாம் விதியைப் பாருங்க. பிறர் நம்மோடு மாறுபட்டால் சினம் கொள்ள வேண்டாம், எல்லாருமே குறையுள்ள சாதாரண மனிதர்கள்தான் என்கிறது அது. பௌத்த மனம் ஆழமாகத் தெரிவது இங்கேதான். மாணவர்கள் இரண்டாம் விதியை மட்டும் காட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விதிகள் நமக்குக் கிடைப்பது 720-இல் அரசவை தொகுத்த நிஹோன் ஷோகி என்னும் வரலாற்று நூல் வழியாக. இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இளவரசரே எழுதினாரா என்று ஐயப்படும் அறிஞர்களும் உண்டு. ஆகவே "இயற்றினார்" என்பதைவிட "இயற்றியதாகக் கூறப்படுகிறது" என்று எழுதுவதே பாதுகாப்பு.

சரி, அரசியல் எங்கே வருகிறது? கொரியத் தீபகற்பத்தின் பெக்சே அரசர் புத்தர் சிலையையும் சூத்திரங்களையும் அனுப்பியது 538 என்றும் 552 என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. அண்டை அரசுகளோடு போராடிய பெக்சேவுக்கு ஜப்பானின் படைத்துணை தேவைப்பட்டது. ஜப்பானில் சோகா குலம் புதிய சமயத்தை வரவேற்றது. மொனொநோபே குலம் நம் தெய்வங்கள் கோபிக்கும் என்று எதிர்த்தது. 587-இல் போரில் சோகா வென்றது. ஒரு குலத்தின் வெற்றியே பௌத்தத்துக்கு அரசவைக் கதவைத் திறந்துவிட்டது.

பிறகு அரசே அதைக் கையில் எடுத்தது. 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டை வாட்டிய பின், பேரரசர் ஷோமு 741-இல் மாநிலம்தோறும் மடாலயங்கள் கட்ட ஆணையிட்டார். நாராவின் பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். சூத்திரங்களைப் படியெடுக்கும் பணியால் எழுத்தறிவும் வளர்ந்தது. ஆனால் 769-இல் தோக்யோ என்ற துறவியை அரியணை ஏற்றவே ஒரு முயற்சி நடந்தது. பின்னர் பேரரசர் கன்மு 784-இல் தலைநகரை நாராவிலிருந்து மாற்றியபோது, அங்கிருந்த பெரிய மடாலயங்களை உடன் வர விடவில்லை. ஆட்சிக்குத் துணையாக வந்த சமயம் ஆட்சியையே நெருக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

மாணவர்களே, "பௌத்தம் ஜப்பானை மாற்றியது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. யார் ஏற்றார்கள், எதற்காக ஏற்றார்கள், பிறகு யார் அஞ்சினார்கள் என்ற மூன்றையும் எழுதுங்க. ஆசிரியர்களே, வகுப்பில் 2, 3, 10 ஆகிய மூன்று விதிகளின் சுருக்கத்தைக் கொடுத்து, எது பௌத்தம், எது அரசியல் என்று குழுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த விவாதத்திலிருந்தே நல்ல விடைக்கான கருத்துகள் கிடைத்துவிடும்.